‘கிடைக்கவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு: மருத்துவச் சான்றுகளைத் தேடும் கலை

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“இன்ஜினியருக்கு மருத்துவ ஆராய்ச்சியில் என்னய்யா வேலை?” என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் அல்லன். ஆனால், ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறது என்று அறிய, உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுவிடாமல் திரட்டி எடைபோட்டுப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’ என்பார்கள். நாம் ‘சான்றுத் திறனாய்வு’ என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலையின் முதற்படி தேடுவது. தேடுவதற்கு அடிப்படை தர்க்கம். தர்க்கம் நம்ம டிபார்ட்மென்ட் ஆயிற்றே! அந்த உரிமையில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

தேடுவதில் அப்படி என்ன பிரமாதம், கம்ப்யூட்டரில் இரண்டு சொல்லைத் தட்டினால் ஆயிரம் பக்கம் கொட்டுகிறதே என்று நினைக்கலாம். கொட்டுவது உண்மை. நமக்கு வேண்டியது அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை விளக்க நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் மாவட்டத்துக் கரையிலிருந்தே தொடங்கலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தமிழகக் கரையில் சுமார் எட்டாயிரம் பேரைக் கடல் கொண்டுபோன நாள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டனர். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று கடலூர்ப் பக்கமும், எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் என்று சிதம்பரம் பக்கமும் வீட்டுக்கு வீடு இழவு. அரிசியும் துணியும் மருந்தும் வந்தன. கூடவே, மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு உளவியல் ஆலோசனைக் குழுக்களும் சுனாமி பாதித்த கரைகளுக்கு வந்தன.

அக்காலத்தில் உலகெங்கும் புழக்கத்தில் இருந்த ஒரு முறைக்கு ‘டீப்ரீஃபிங்’ என்று பெயர். பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவரைச் சில நாட்களுக்குள் உட்கார வைத்து, என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று ஒரே அமர்வில் முழுவதையும் பேச வைப்பது. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது இதன் அடிப்படை. கேட்டால் சரி என்றுதானே படுகிறது? நம் வீடுகளில்கூட “அழுதுடு, மனசு லேசாகும்” என்றுதானே சொல்கிறோம்?

ஆனால் சுனாமிக்கு முன்பே இதற்குச் சான்று தேடியவர்கள் இருந்தார்கள். கோக்ரேன் அமைப்பின் திறனாய்வு ஒன்று, இம்முறையைச் சோதித்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. 2002-ல் புதுப்பித்தபோது அதன் முடிவு இது: ஒரே அமர்வில் தனிநபருக்குச் செய்யும் டீப்ரீஃபிங், பின்னாளில் வரும் மனஅதிர்ச்சி நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கலாம். ஆகவே பாதிக்கப்பட்டவர்களுக்கு இதைக் கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும். அதில் சேர்ந்த ஆய்வுகளில் ஒன்று, தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997-ல் பிரிட்டனில் வெளியிடப்பட்டது. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, டீப்ரீஃபிங் பெற்றவர்களில் 26 சதவீதம் பேருக்கு மனஅதிர்ச்சி நோய் இருந்தது. பெறாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். முதல் பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே பாதிப்பு சற்று அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் ஒரே ஆய்வை நம்பாமல் பலவற்றைத் திரட்டிப் பார்க்கிறார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். 2004 டிசம்பர் கடைசி வாரத்தில் நல்ல மனம் படைத்த ஒருவர், ‘சுனாமி’, ‘கடலூர்’, ‘மீனவர்’, ‘மன ஆறுதல்’ என்ற சொற்களைப் போட்டுத் தேடியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? சிகிச்சை பற்றி எதுவும் கிடைத்திருக்காது. “ஆய்வே இல்லை, ஆகவே தோன்றியதைச் செய்வோம்” என்று அவர் முடிவு கட்டியிருப்பார். ஆனால் தேவனாம்பட்டினத்துக்கு வேண்டிய பதில், தீக்காயப் பிரிவிலும் சாலை விபத்து வார்டிலும் பிரசவ வார்டிலும் எழுதப்பட்டுக் காத்திருந்தது. ‘கிடைக்கவில்லை’ என்பதும் ‘இல்லை’ என்பதும் ஒன்றல்ல. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனால் போதும், என் பேச்சு வீண்போகாது.

இந்தச் சுனாமியே அத்துறையினரை உசுப்பிவிட்டது. பேரிடர் நேரத்தில் வேண்டிய சான்றுகளைக் கையோடு எடுத்துத் தர வேண்டும் என்று கோக்ரேன் அமைப்பினர் தொடங்கிய முயற்சியே ‘எவிடென்ஸ் எய்டு’. அதைப் பற்றி 2005-ல் பிளாஸ் மெடிசின் இதழில் எழுதிய மூவரில் ஒருவர் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர் பிரதாப் தர்யன். தெற்காசியாவுக்கான கோக்ரேன் பணி அங்கிருந்துதான் வளர்ந்தது. 2007-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சந்தா கட்டி, கோக்ரேன் நூலகத்தை நாட்டு மக்கள் அனைவரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்துவிட்டது.

சரி, எப்படித் தேட வேண்டும்? தொழில்முறையில் தேடுபவர்கள் செய்வதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் கேள்வியை உடைக்க வேண்டும். யாருக்கு? என்ன செய்கிறோம்? எதனோடு ஒப்பிடுகிறோம்? என்ன விளைவை எதிர்பார்க்கிறோம்? இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பைக்கோ’ என்பார்கள். நம் எடுத்துக்காட்டில்: பேரதிர்ச்சிக்கு ஆளானவர், ஒரே அமர்வு டீப்ரீஃபிங், எதுவும் செய்யாமல் விடுவது, மனஅதிர்ச்சி நோய் வருவது. இந்த நான்கையும் தேடலில் போட்டுவிடக் கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். பெரும்பாலும் முதல் இரண்டு போதும். விளைவைச் சேர்த்தால், தலைப்பிலும் சுருக்கத்திலும் விளைவைச் சொல்லாமல் விட்ட நல்ல கட்டுரைகள் நழுவிவிடும். ஊர்ப் பெயரைச் சேர்த்தால் கதையே முடிந்தது. சிகிச்சை வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு ஊர்ப் பெயர் போடாதீர்கள். கிடைத்த சான்று நம் ஊருக்குப் பொருந்துமா என்பது பிற்பாடு யோசிக்க வேண்டியது. தனிநபரிடம், தீக்காய வார்டில் கண்ட முடிவு, ஊரே கூடி அழும் குப்பத்துக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் கையில் கிடைத்த பிறகுதானே கேட்க முடியும்?

இரண்டாவது, சொற்கள். ஒரு பொருளுக்கு உலகம் எத்தனை பெயர் வைத்திருக்கிறதோ அத்தனையும் வேண்டும். நம் பகுதிக்குப் பழக்கமான யானைக்கால் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘ஃபைலேரியாசிஸ்’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘எலிஃபன்டியாசிஸ்’ என்பார். மூன்றாமவர் புழுவின் பெயரைச் சொல்லி ‘வூச்சரேரியா பேன்கிராஃப்டி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார். எழுத்துக் கூட்டலும் தகராறு. வயிற்றுப்போக்குக்கு ‘டயரியா’ என்று எழுதும்போது பிரிட்டிஷார் நடுவில் ‘ஓ’ எழுத்தைச் சேர்ப்பார்கள், அமெரிக்கர்கள் விட்டுவிடுவார்கள். ஒன்றை மட்டும் தேடினால் பாதி உலகம் போச்சு. சொல்லின் வேரை மட்டும் எழுதி அருகில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால், அந்த வேரிலிருந்து கிளைத்த சொற்கள் எல்லாம் வரும். ஆனால் வேரை ரொம்பக் குட்டையாக வெட்டினால் சம்பந்தமில்லாத சொற்களும் சேர்ந்து வரும்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறது. அதன் சுருக்கப் பெயர் ‘மெஷ்’. மெஷ் என்றாலே வலைக்கண்! சுமார் முப்பதாயிரம் தலைப்புகள். கட்டுரையாளர் எந்தச் சொல்லில் எழுதினாலும், நூலகத்தார் உரிய தலைப்பை ஒட்டிவிடுவார்கள். ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதினாலும் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற தலைப்பின்கீழ் போய்ச் சேரும். தலைப்புகள் மரம்போலக் கிளை பிரிவதால், பெரிய கிளையைப் பிடித்தால் சிறு கிளைகளும் சேர்ந்து வரும். ஆனால் புதிதாக வந்த கட்டுரைகளுக்குத் தலைப்பு ஒட்டியிராமலும் இருக்கலாம். ஆகவே மெஷ் தலைப்பும் வேண்டும், சாதாரணச் சொற்களும் வேண்டும். இரண்டு காலிலும் நடக்க வேண்டும்.

சில கேள்விகளுக்கு ஊர்ப் பெயர் அவசியம். ‘கடலூர் மாவட்டத்தில் இந்த நோய் எவ்வளவு இருக்கிறது?’ என்பது அப்படிப்பட்ட கேள்வி. அப்போது என்ன செய்வீர்கள்? மெஷ் பட்டியலில் இந்தியா உண்டு, கடலூர் இல்லை. ‘கடலூர்’ என்று மட்டும் போட்டால் 1993-க்கு முந்தைய ஆய்வுகளில் பல கண்ணில் படாது. அன்று நாம் தென்னார்க்காடு மாவட்டம். பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம். அதற்கும் முன்னால் போனால் மாநிலமே மெட்ராஸ் ஸ்டேட். 1969-ல்தான் தமிழ்நாடு ஆனது. பரங்கிப்பேட்டையைத் தேடுகிறவர் ‘போர்ட்டோ நோவோ’ என்றும் தேட வேண்டும். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் பழைய கட்டுரைகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். பக்கத்துப் புதுச்சேரி 2006 வரை ஆங்கிலத்தில் ‘பாண்டிச்சேரி’. இந்தப் பெயர் மாற்றமெல்லாம் லண்டனில் உட்கார்ந்திருக்கும் நிபுணருக்குத் தெரியுமா? நமக்குத் தெரியும். நம் ஊர்க்காரர் ஒருவர் தேடும் குழுவில் இருந்தால் எவ்வளவு பயன் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது, சொற்களை இணைப்பது. இங்கேதான் நம் முதலாமாண்டுப் பாடம் கை கொடுக்கிறது. ஜார்ஜ் பூல் 1854-ல் எழுதிய தர்க்க இயற்கணிதத்தை, 1937-ல் கிளாட் ஷானன் ஸ்விட்ச் சர்க்யூட்டுக்குப் பொருத்தினார். அதே ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ மூன்றும்தான் இங்கேயும். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ போட்டு இணையுங்கள். அது பேரலல் இணைப்பு, எந்த வழியிலும் மின்சாரம் பாயும். வெவ்வேறு கருத்துகளை ‘அண்ட்’ போட்டு இணையுங்கள். அது சீரீஸ் இணைப்பு, எல்லா ஸ்விட்சும் போட்டால்தான் விளக்கு எரியும். ஒவ்வொரு கருத்தையும் தனித்தனி அடைப்புக்குள் வைக்க வேண்டும். மறந்தால், பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போட்டுக்கொண்டு போகும், விடை தாறுமாறாகும். ‘நாட்’ மட்டும் கத்தி மாதிரி, ஜாக்கிரதை. ‘குழந்தைகள், நாட் பெரியவர்கள்’ என்று போட்டால், இரு சாராரையும் சேர்த்து ஆராய்ந்த அருமையான கட்டுரை வெட்டுப்பட்டுப் போகும்.

வலை எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? இதைத் துறைமுகத்து மீனவரைத்தான் கேட்க வேண்டும். பெரிய கண் வலை போட்டால் பெரிய மீன் மட்டும் வரும், பொறுக்குகிற வேலை குறைவு. ஆனால் வேண்டிய சில மீனும் தப்பிவிடும். சின்னக் கண் வலையில் எதுவும் தப்பாது. குப்பையும் சேர்ந்து வரும், கரையில் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். அவசரமாக ஒரு விஷயம் தெரிய வேண்டுமானால் பெரிய கண் போதும். ஆனால் சான்றுத் திறனாய்வுக்கு எப்போதும் சின்னக் கண்தான். சில ஆயிரம் தலைப்புகளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, கடைசியில் இருபதோ முப்பதோ ஆய்வுகளை எடுப்பது அங்கே சர்வசாதாரணம். அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை.

நான்காவது, ஒரே இடத்தில் தேடக் கூடாது. பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. 1997 முதல் எல்லோருக்கும் இலவசம். பெரிய கடல்தான், ஆனால் எல்லாக் கடலும் அதுவே அல்ல. மருந்துகளுக்கு எம்பேஸ், உளவியலுக்கு சைக்இன்ஃபோ, மருத்துவச் சோதனைகளுக்கு கோக்ரேனின் சென்ட்ரல் என்று பல உண்டு. நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ இருக்கிறது. அரசுத் துறை அறிக்கைகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆவணங்கள், தொண்டு நிறுவனங்களின் கணக்கெடுப்புகள் போன்றவை எந்த மருத்துவ இதழிலும் வராதவை. தனியே போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும்? 2001-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆஸ்துமா ஆய்வு. நல்ல உடல்நலத்தோடு இருந்த 24 வயதுப் பெண் ஒருவர், தானாக முன்வந்து அதில் சேர்ந்தார். ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சுவழி இழுக்கக் கொடுத்தார்கள். நுரையீரல் பழுதாகி அவர் இறந்துபோனார். ஆய்வைத் தொடங்குமுன் பப்மெட்டில் தேடியிருந்தார்கள். ஆனால் அன்று அது 1966-க்குப் பிந்தைய கட்டுரைகளைத்தான் காட்டியது. அந்த மருந்து நுரையீரலைத் தாக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோ 1950-களின் இதழ்களில் இருந்தது. தடித்தடியான பழைய அட்டவணைப் புத்தகங்களை நூலக அலமாரியிலிருந்து இறக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஆண்டு ஜூலையில், அங்கே அரசுப் பணத்தில் நடந்த மனிதர்கள் மீதான ஆய்வுகளையே அமெரிக்க அரசு சில நாள் நிறுத்தி வைத்தது. தேடலில் விட்டுப்போன ஓர் ஓட்டை என்ன விலை கேட்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

ஐந்தாவது, அச்சுக்கே வராதவை. 2008-ல் எரிக் டர்னர் என்ற மருத்துவர் குழு, மனச்சோர்வு மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவான 74 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. மருந்துக்குச் சாதகமானவை 38. அவற்றில் 37 இதழ்களில் வெளியாகியிருந்தன. பாதகமானவையும் சந்தேகத்துக்குரியவையும் 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம்போல் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன. உள்ளபடி வெளிவந்தவை மூன்றே மூன்று. இதழ்களை மட்டும் தேடுகிறவருக்கு ஏறக்குறைய எல்லாமே வெற்றி என்றுதான் தெரியும். நிஜத்தில் பாதிக்குப் பாதி. இதற்கு மருந்து, ஆய்வு தொடங்கும்போதே பதிவு செய்ய வைப்பது. நம் நாட்டில் 2007-ல் ‘கிளினிக்கல் டிரையல்ஸ் ரிஜிஸ்ட்ரி – இந்தியா’ தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயமானது. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். தொடங்கிய ஆய்வு எது, முடிவு வராமல் மௌனமாகிப்போனது எது என்று அங்கே தெரிந்துகொள்ளலாம்.

ஆறாவது, கிடைத்த கட்டுரையின் முன்னும் பின்னும் நடப்பது. அது யாரை மேற்கோள் காட்டுகிறது என்று பின்னோக்கியும், அதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று முன்னோக்கியும் போக வேண்டும். இதற்கும் நம் ஊர்க் கதையே உண்டு. பிச்சாவரம் சுரபுன்னைக் காடு சுனாமியிலிருந்து மக்களைக் காப்பாற்றியது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் 18 குப்பங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். முன்னோக்கிப் போய்ப் பார்த்தால், 2006-ல் அதே இதழில் கெர், பேர்டு, கேம்ப்பெல் ஆகிய மூவர் மறுப்பு எழுதியிருக்கிறார்கள். உயிர் காத்தது காட்டைவிட, ஊர் கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமுமே என்பது அவர்கள் வாதம். அதற்கும் பின்னால் போனால், அதே புள்ளிவிவரங்களை வேறு விதமாகக் கணக்கிட்டு, இல்லை, காடும் காத்தது என்று வேறிருவர் எழுதியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. முதல் கட்டுரையோடு நின்றவருக்கு ஒரு விவாதம் நடந்ததே தெரியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது. குப்பத்தை மேட்டில் கட்டுவதா, காடு வளர்ப்பதா, இரண்டுமா என்று முடிவெடுக்கும் அதிகாரி அந்த விவாதத்தை முழுவதும் படித்திருக்க வேண்டாமா?

ஏழாவது, எழுதி வைப்பது. எந்தத் தளத்தில், எந்த தேதியில், எந்தச் சொற்களைப் போட்டு, எத்தனை கிடைத்தது, எத்தனையை எதற்காகத் தள்ளினோம் என்று வரிவரியாகப் பதிவு செய்ய வேண்டும். லேப் ரெக்கார்டு எழுதியது ஞாபகம் இருக்கிறதா? அதேதான், இங்கே சரியாக எழுதாவிட்டால் கையெழுத்துக் கிடைக்காது! இதற்காக ‘பிரிஸ்மா’ என்ற நெறிமுறையும், தேடலுக்கென்றே 2021-ல் வெளியான ‘பிரிஸ்மா-எஸ்’ என்ற இணைப்பும் இருக்கின்றன. இன்னொருவர் அதே தேடலைச் செய்தால் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் அது ஆராய்ச்சி அல்ல, ஜோசியம். தேடலை ஓட்டுவதற்கு முன் வேறொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதும் நல்ல வழக்கம். அந்த வேறொருவர் பெரும்பாலும் நூலகராக இருப்பார். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் துறையில் அவர்தான் தலைமைப் பொறியாளர்.

“இப்பத்தான் ஏ.ஐ. இருக்கே சார், அதுகிட்ட கேட்டா சொல்லிடாதா?” என்று பின்வரிசைத் தம்பிகள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்கலாம், தப்பில்லை. ஒரு நோய்க்கு வேறு பெயர்கள் என்னென்ன, என் தேடல் வரியில் என்ன விட்டுப்போனது என்று கேட்டால் நல்ல உதவிதான். ஆனால் கட்டுரைப் பட்டியல் கேட்டால், உலகத்தில் இல்லாத கட்டுரையை ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண்ணோடு கச்சிதமாகத் தயாரித்துத் தரும் குணம் அதற்கு உண்டு. ஒவ்வொன்றையும் மூலத்தில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதாதீர்கள். அது தரும் விடை நாளைக்கு மாறவும் கூடும். லேப் ரெக்கார்டில் என்னவென்று எழுதுவீர்கள்?

கடைசியாக, இவ்வளவையும் இங்கே வந்து ஏன் சொன்னேன்?

நம் மாவட்டம் பேரிடருக்குப் பிள்ளையார் சுழி போட்டு வைத்த மாவட்டம். 2004-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே. 2015-ல் பெருவெள்ளம். 2024-ல் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும். அடுத்தது எப்போது என்று தெரியாது, வரும் என்பது மட்டும் தெரியும். வந்த பிறகு தேட உட்கார்ந்தால் நேரம் இருக்காது. முகாமில் குடிநீரை எப்படிச் சுத்தம் செய்தால் வயிற்றுப்போக்கு குறையும், வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதில் பலன் உண்டா, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் முதல் வாரத்தில் என்ன பேசலாம், என்ன பேசாமல் இருக்கலாம்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உலகில் எங்கோ யாரோ ஆய்வு செய்திருப்பார்கள். தேடி எடுத்து, எடைபோட்டு, தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் முன்கூட்டியே வைத்துவிட்டால் எப்படி இருக்கும்?

வசதி இல்லை என்று சொல்வதற்கும் இப்போது வாய்ப்பு குறைந்துவிட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு முப்பது பதிப்பாளர்களின் சுமார் பதின்மூவாயிரம் இதழ்கள் திறந்திருக்கின்றன. அதற்குள் வராத கல்லூரி மாணவர்களுக்கும் பப்மெட் இலவசம், நம் ஆய்வுப் பதிவேடு இலவசம். கோக்ரேன் திறனாய்வுகள் பலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலேயே கிடைக்கிறது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோது, வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியத்தைப் பார்ப்பதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். பார்த்ததை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு கேள்வி. மருத்துவம் படித்தவர் இருவர், பொறியியல் மாணவர் இருவர், நூலகர் ஒருவர், அந்தந்த ஊர் தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவர் என்று ஆறு பேர் போதும். கேள்வியை நம் மாவட்டமே கேட்கட்டும், கிள்ளையிலிருந்து ஒரு கிராம செவிலியர் கேட்டாலும் சரி. தேடிய வழியைப் பதிவேட்டில் எழுதி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அதை விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். முதல் ஆண்டுத் தேடலில் உட்கார நான் தயார். கூட வருகிறவர்கள் தேநீர் இடைவேளையில் பெயர் கொடுங்கள்.